பருவத் தொடக்கமும் பேஸ்பால் எழுத்தும் – ஓர் இலக்கிய நோக்கு

முன்னுரை

விளையாட்டைப் பாடுவது தமிழுக்குப் புதியதன்று. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் ஏறு தழுவும் களத்தைக் கண்டு சொல்வார் கூற்றாகவே நம்முன் நிறுத்துகின்றன. களத்தில் இறங்குபவர் ஒருவர். அவரைக் கண்டு சொல்பவர் வேறொருவர். இந்தக் 'கண்டு சொல்பவர்' யார், எங்கே அமர்ந்து காண்கிறார், எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்னும் வினாக்கள் எம்மொழி விளையாட்டு எழுத்துக்கும் பொருந்துவனவாகும். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தைச் சூழ்ந்து வளர்ந்துள்ள எழுத்தினை, அதன் பருவத் தொடக்கத்தை முன்னிறுத்தி, இவ்வினாக்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாட்டத்தை அடிபந்தாட்டம் என வழங்குவாரும் உளர். பலரும் அறிந்த பேஸ்பால் என்னும் பெயரையே நாம் இங்கு ஆள்கின்றோம்.

ஆட்டமும் பொழுதும்

கிரிக்கெட்டை அறிந்த நம் மாணவர்க்குப் பேஸ்பால் ஆட்டத்தை விளக்குதல் அரிதன்று. அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். எறிபவர் வீசும் பந்தை உருண்ட மட்டையால் அடித்துவிட்டு, சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணி மட்டை பிடிக்கும்.

இவ்வாட்டத்தில் தோல்வியே மிகுதி. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றியாக அடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். 1941-ஆம் ஆண்டுப் பருவத்தில் டெட் வில்லியம்ஸ் பெற்ற சராசரி .406 ஆகும். அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்குப் பின்னர் எவரும் ஒரு பருவத்தில் .400 என்னும் எல்லையை எட்டியதில்லை. அத்தகைய பேராட்டக்காரரும் பத்தில் ஏறத்தாழ ஆறு முறை தவறியவரே என்பது எண்ணத்தக்கது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். பேஸ்பால் எழுத்துக்கும் அவ்விரண்டே முதற்பொருளாகின்றன. முப்பது அணிகள் உள்ளன. முழுப் பருவத்தில் அணி ஒன்றுக்கு 162 ஆட்டங்கள். பனிக்காலத்தின் இறுதியில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் தொடங்கும். மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பருவம் பிறக்கும். இலையுதிர் காலத்தில் உலகத் தொடருடன் முடியும். இளவேனிலில் புதிய பேஸ்பால் நூல்களைப் பதிப்பாளர் வெளியிடுதலும், எந்த அணி வெல்லும் என நாளிதழ்கள் கணித்துரைத்தலும் அந்நாட்டு வழக்கமாகும். தொடக்க நாளில் எல்லா அணிகளின் கணக்கும் சுழியமே. ஆதலின் எல்லார்க்கும் நம்பிக்கை உண்டு. எவர்க்கும் உறுதி இல்லை.

கணித்தலும் காணுதலும்

கணிப்பு எழுத்தின் வாழ்நாள் குறுகியது. நியூயார்க் மெட்ஸ் அணியே இதற்குத் தக்க சான்று. 1962-இல் தோன்றிய அவ்வணி தன் முதற்பருவத்தில் 40 ஆட்டங்களில் வென்று 120 ஆட்டங்களில் தோற்றது. 1968-இலும் பத்து அணிகளுள் ஒன்பதாம் இடமே அதற்குக் கிட்டியது. அதே அணி 1969-இல் உலகத் தொடரை வென்றது. அவ்வாண்டின் இளவேனிற் கணிப்புகளை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை.

ஆயின் 1962-ஆம் ஆண்டு இளவேனிலில் பிறந்த வேறொரு வகை எழுத்து இன்றும் வாழ்கிறது. 'நியூயார்க்கர்' இதழில் சிறுகதைகளைத் தேர்ந்து செப்பனிடும் பணியில் இருந்த ரோஜர் ஏஞ்சலை, அதன் ஆசிரியர் வில்லியம் ஷான் ஃபுளோரிடாப் பயிற்சி முகாம்களைக் கண்டு எழுதுமாறு அனுப்பினார். ஏஞ்சல் விளையாட்டுச் செய்தியாளர் அல்லர். ஆகவே செய்தியாளர் மாடத்தை நாடாது, பொதுமக்கள் அமரும் வரிசைகளில் அமர்ந்து அவர் ஆட்டத்தைக் கண்டார். தோற்றுக்கொண்டேயிருந்த மெட்ஸ் அணியை ஆரவாரத்தோடு ஊக்குவித்த மக்களையும் அவர்தம் மனத்தையும் எழுதினார். அக்கட்டுரைகள் 1972-இல் 'தி சம்மர் கேம்' என்னும் நூலாயின. 2022-இல் தம் 101-ஆம் அகவையில் மறைந்த அவர், பற்பல பருவத் தொடக்கங்களைக் கண்டவர். வெற்றியை முன்கூட்டிச் சொல்வது அவர் தொழிலாக இருக்கவில்லை. கண்முன் நிகழ்வதை விடாது காண்பதே அவர் தொழிலாக இருந்தது.

எண்ணும் எழுத்தும்

பேஸ்பால் எழுத்தின் மற்றொரு கண் எண். இங்கிலாந்தில் 1824-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். ஓர் ஆட்டத்தின் நிகழ்ச்சிகளையெல்லாம் சிறு கட்டத்துள் அடக்கும் ஆட்ட அட்டவணையை 1859-இல் பேஸ்பாலுக்கென அவர் வகுத்தார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அவ்வரியில் சில எண்கள். ஆட்டத்தைக் காணாதவரும் அதனைப் படித்து ஆட்டத்தை மனத்தில் நிகழ்த்திப் பார்க்க இயன்றது.

இவ்வெண்களை மறுஆய்வு செய்து புதுநெறி கண்டவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் உணவு அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலராக இருந்துகொண்டே 1977-இல் தம் முதல் ஆய்வு மலரைத் தாமே வெளியிட்டார். ஆண்டுதோறும் புதுக்கப்பெற்ற அவ்வெளியீடு, அணிகளை நடத்துவோரின் சிந்தனையையே காலப்போக்கில் மாற்றியது. 2002-ஆம் ஆண்டின் ஓக்லாந்து அணியைப் பற்றி மைக்கேல் லூயிஸ் எழுதி 2003-இல் வெளிவந்த 'மணிபால்' அம்மாற்றத்தின் வரலாறேயாகும். ஏஞ்சலும் ஜேம்ஸும் செய்தியாளர் மாடத்திற்குப் புறத்தே இருந்து வந்தவர்கள் என்பது நோக்கத்தக்கது.

எண் சொல்லாத தொடக்க நாள்

எண்ணுக்கும் எல்லையுண்டு. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் நகர்ப்பகுதியின் எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் டாட்ஜர்ஸ் அணி பாஸ்டன் பிரேவ்ஸ் அணியைச் சந்தித்தது. டாட்ஜர்ஸ் அணிக்கு அதுவே பருவத்தின் முதல் ஆட்டம். ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவ்வணி வென்றது. முதல் தளத்தில் நின்ற புதிய ஆட்டக்காரரின் வரியை அட்டவணை இவ்வாறு காட்டுகிறது: மட்டை பிடித்தது 3, வெற்றி அடி 0, ஓட்டம் 1. எண்ணை மட்டும் நோக்கினால் மறந்துவிடத்தக்க வரி. அவ்வரிக்குரியவர் ஜாக்கி ராபின்சன். 1884-க்குப் பின்னர், அக்காலத்தில் பெருநிலை எனக் கருதப்பெற்ற லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் களமிறங்கிய முதல் நாள் அது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தவரை விலக்கி வைத்தது எழுதப்படாத ஒரு விதி. அவ்விதியைப் பற்றிப் பெரும் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் எழுதினோர் மிகச் சிலரே. ஒவ்வோர் இளவேனிலிலும் எந்த அணி வெல்லும் எனக் கணித்த எழுத்தாளர் பலர், களத்தில் யார் இல்லை என்று வினவவில்லை.

அவ்வினாவை விடாது எழுப்பியவை கறுப்பின மக்கள் நடத்திய இதழ்களே. 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் வெண்டல் ஸ்மித் இளமையில் பந்தெறிபவர். நிறத்தின் காரணமாக ஒப்பந்தம் மறுக்கப்பெற்றுப் பின்னர் எழுத்துக்கு வந்தவர். 1945-இல் டாட்ஜர்ஸ் அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் ராபின்சன் பெயரை எடுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னர் ராபின்சனுக்கு வழித்துணையாகவும் சென்றார். செய்தியாளர் மாடம் அவருக்கு மறுக்கப்பட்ட இடங்களில், பார்வையாளர் வரிசையில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து எழுதினார். 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' இதழின் சாம் லேசிக்கும் இதே நிலை. நியூ ஆர்லியன்சில் மாடத்தினுள் நுழைய விடாதபோது, அவர் நாற்காலியுடன் மாடத்தின் கூரைமேல் ஏறி அமர்ந்தார். வெள்ளையினச் செய்தியாளர் சிலரும் உடன்சென்று அமர்ந்தனர் என்பது மனித உள்ளத்தின்மீது நமக்கு நம்பிக்கை தரும் செய்தியாகும்.

ஏஞ்சல் பொதுமக்கள் வரிசையில் விரும்பி அமர்ந்தார். ஸ்மித் வேறிடம் இல்லாமல் அமர்ந்தார். இருக்கை ஒன்றே, காரணங்கள் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து, 'புறத்தே இருப்பவர் நன்கு காண்பார்' என எளிதாகப் பொதுவிதி கூறுதல் தகாது. விலக்கப்பட்டவர் நன்கு எழுதினார் என்பதனால் விலக்கியது நன்றாகிவிடாது.

நிறத்தால் எவர்க்கும் உயர்வில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் அறிவித்தார்கள். சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது திருக்குர்ஆன் வலியுறுத்தும் அறம். இவ்விரு நெறிகளையும் அறிந்த நமக்கு, விளையாட்டு எழுத்தும் ஒருவகைச் சாட்சியமே என்பது தெளிவாகப் புலப்படும்.

காலம் செய்த திருத்தம்

மறைக்கப்பட்டதை நூல்கள் பின்னர் வெளிக்கொணர்ந்தன. கறுப்பின லீக்குகளின் வரலாற்றை ராபர்ட் பீட்டர்சன் 1970-இல் 'ஒன்லி தி பால் வாஸ் வைட்' என்னும் நூலில் தொகுத்தார். பந்து மட்டுமே வெள்ளை என்பது அத்தலைப்பின் பொருள். ரோஜர் கானின் 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' (1972) ராபின்சன் காலத்து டாட்ஜர்ஸ் வீரர்களை அவர்தம் நடுவயதில் மீண்டும் சந்தித்து, புகழுக்குப் பின்னும் தொடரும் வாழ்வைக் காட்டியது.

எண்களும் திருந்தின. 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீக்குகள் பெருநிலை லீக்குகளே என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பெற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் புள்ளிவிவரங்கள் பொதுப் பதிவேட்டில் இணைந்தன. அதன்வழி, ஜோஷ் கிப்சனின் வாழ்நாள் சராசரி .372 ஆக, டை காப்பின் .367-ஐக் கடந்து முதலிடம் பெற்றது. கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். ராபின்சன் களமிறங்கியதை அவர் காணவில்லை. பதிவேடு திருந்த மேலும் 77 ஆண்டுகள் ஆயின. எண் பொய் சொல்லவில்லை. எண்ணியவர் சிலரை எண்ணாது விட்டனர்.

பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் உயரிய விருது வெண்டல் ஸ்மித்துக்கு, அவர் மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பின் 1993-ஆம் ஆண்டுக்கும், சாம் லேசிக்கு 1997-ஆம் ஆண்டுக்கும் வழங்கப்பெற்றது. ஏஞ்சல் 2014-இல் பெற்றார். அச்சங்கத்தின் உறுப்பினரல்லாத ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்விருது ஜே. ஜி. டெய்லர் ஸ்பிங்க் என்னும் இதழாளர் பெயரால் வழங்கி வந்தது. நிறப்பிரிவினையை ஆதரித்து 1942-இல் அவரது இதழில் தலையங்கம் வெளிவந்திருந்தது. 2021-இல் சங்கத்தார் அப்பெயரை விருதினின்று நீக்கினர். எழுதியவர் மறைந்த பின்னும் எழுத்து வழக்காடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மாணவர் கொள்ளத்தக்கன மூன்று. விளையாட்டு எழுத்துக்கு முதற்பணி பொறுமையாகக் காணுதல். முடிவை முந்திச் சொல்லுதல் அன்று. இரண்டாவது, எண்களைப் பிழையறப் பதிதலும் அவற்றின் எல்லையை உணர்தலும். மூன்றாவது, களத்தில் இருப்போரை எழுதும்போதே அங்கு இல்லாதோரையும் வினவுதல்.

இதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா அறிக்கை இடம்பெறுகிறது. வென்றவர் பெயரும் பரிசும் அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டாண்டுகள் மைதானத்திற்கு வந்தவர் மூன்றாம் ஆண்டில் ஏன் வரவில்லை, மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவர் எப்போது பயிற்சி பெறுவார், நம் மாணவியர்க்கு மைதானத்தில் ஒதுக்கப்பட்ட நேரம் எவ்வளவு என்பவற்றையும் ஒரு மாணவர் கேட்டு எழுதலாம். அத்தகைய பத்தி ஒன்றேனும் அடுத்த மலரில் இடம்பெறுமாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகக் கொள்வோம்.