கொன்றவனுக்கு உறக்கம் வருமா?

கேள்வி: எட்கர் ஆலன் போவின் இரண்டு கதைகள் எங்களுக்குப் பாடம். 'த கேஸ்க் ஆஃப் அமோன்டில்லாடோ'வில் கொலைகாரன் ஐம்பது ஆண்டுகளாகப் பிடிபடவே இல்லை. 'த டெல்-டேல் ஹார்ட்'டில் கொன்றவன் சற்று நேரத்திலேயே தானாக ஒப்புக்கொள்கிறான். இவனுக்கு மனசாட்சி உண்டு, அவனுக்கு இல்லை என்று எழுதினால் போதுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் 'போதுமா' என்று கேட்கிறீர்களே, அந்தச் சந்தேகத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தரலாம்.

முதலில் மனசாட்சியைப் பார்த்துவிடுவோம். 1843இல் வெளிவந்த 'டெல்-டேல் ஹார்ட்'டில், கிழவரைக் கொன்று பலகைத் தரைக்கடியில் மறைத்தவன், விடியாத நேரத்தில் வந்த மூன்று காவலர்களைச் சிரித்த முகத்துடன் வரவேற்கிறான். பிணம் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலேயே நாற்காலி போட்டு உட்காருகிறான். குற்ற உணர்வு உள்ளவன் செய்கிற காரியமா இது? பிறகுதான் அந்தத் துடிப்புச் சத்தம் கேட்கிறது. (சுவருக்குள் மரத்தைக் குடைந்து டக் டக்கென்று தட்டும் வண்டுகளைப் பற்றி அவனே முன்பு சொல்லியிருக்கிறான். எனவே சத்தம் இதயத்துடையதுதானா என்பது தனி வழக்கு.) அந்தச் சத்தம் காவலர்களுக்கும் கேட்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டே தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைக்கிறான். அந்தக் கேலியைப் பொறுக்க முடியாமல்தான், அவர்களைத் திட்டிக்கொண்டே உண்மையைக் கக்குகிறான். அந்த இடத்தில் கிழவருக்காக ஒரு சொல் வருத்தம் இல்லை.

இப்போது கதையின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். கிழவர் தனக்குத் தீங்கு செய்ததில்லை, தன்னை அவமதித்ததும் இல்லை என்று அவனே சொல்லிவிடுகிறான். கொல்லத் தூண்டியது அவருடைய வெளிர்நீலக் கண் மட்டும். எனவே இது பழிவாங்கல் அல்ல. அவமானம் இவனுக்குக் கொலைக்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் கற்பனையாக.

1846இல் வந்த 'அமோன்டில்லாடோ'வில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். ஃபார்ச்சுனாட்டோ செய்த எத்தனையோ தீங்குகளைப் பொறுத்த மான்ட்ரெசோர், அவன் அவமதித்ததும் பழிவாங்க முடிவு செய்கிறான். என்ன அவமதிப்பு என்பதை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டான். தன் கதையைத் தானே சொல்லும் இத்தகைய பாத்திரத்தை 'நம்பகமற்ற கதைசொல்லி' என்பார்கள். அதாவது, அவன் சொல்வதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அமோன்டில்லாடோ என்பது ஷெர்ரி வகை ஒயின். அதைச் சுவைத்துச் சொல்லும்படி கோமாளி உடையில் இருக்கும் நண்பனை நிலவறைக்கு அழைத்துப் போகிறான். அவன் இருமும்போதெல்லாம் "திரும்பிவிடலாம், உன் உடம்பு முக்கியம்" என்ற தோரணையில் பேசுகிறான். வேறொரு ஒயின் நிபுணரின் பெயரையும் நடுவில் தட்டிவிடுகிறான். அவ்வளவுதான், ஃபார்ச்சுனாட்டோ தானாகவே உள்ளே நடக்கிறான். பிறகு சங்கிலி, கல், சாந்து: உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறான்.

ஆக, இருவருக்கும் பொறுக்க முடியாதது ஒன்றேதான்: பிறர் தன்னை இளக்காரமாக நினைப்பது. மான்ட்ரெசோருக்கு அந்தக் கணக்கு கொலையோடு தீர்ந்துவிட்டது, கேட்கவும் யாரும் வரவில்லை. மற்றவனுக்கோ கணக்கு காவலர்கள் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கியவரைப் பார்க்க வேண்டுமானால் மாப்பசான் 1883இல் எழுதிய 'வெண்டெட்டா'வைப் படியுங்கள். அந்தச் சொல்லுக்குத் தலைமுறைகள் தாண்டியும் தொடரும் ரத்தப் பழி என்று பொருள். கோர்சிகா தீவின் விதவைத் தாய், மகனைக் கொன்றவனின் குரல்வளையைக் கடிக்கத் தன் நாயைப் பட்டினி போட்டு, வைக்கோல் பொம்மையை வைத்துப் பழக்குகிறாள். காரியம் முடிந்த இரவு நன்றாக உறங்குகிறாள். ஏன் செய்தாள் என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. மகனின் கொலை ஊரறிந்தது.

மான்ட்ரெசோர் அவ்வளவு நிம்மதியாக இருந்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. யார், எதற்காகப் பழிவாங்குகிறான் என்று எதிரிக்குத் தெரிய வேண்டும் என்பது அவனே விதித்த நிபந்தனை. ஃபார்ச்சுனாட்டோவோ கடைசியில் இதெல்லாம் விளையாட்டு என்று சிரிக்கப் பார்க்கிறான், பிறகு பதிலே இல்லை, தொப்பியின் மணிகள் மட்டும் கிணுகிணுக்கின்றன. நெஞ்சு நோகிறது என்று ஒப்புக்கொள்ளும் மான்ட்ரெசோர், அதே மூச்சில் நிலவறையின் ஈரம்தான் காரணம் என்கிறான். அந்த ஈரத்தைப் பற்றி உங்கள் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.