இலைக்கூட்டுக்கு ஒரு மாதத் தவணை

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படமும் கிடைத்தன. கிணற்றடிச் சுண்டைச் செடியில் இரண்டு இலைகள் தைத்தாற்போல் சேர்ந்திருக்கின்றன, இடுக்கில் பஞ்சு தெரிகிறது, பக்கத்தில் போனால் ஒரு குட்டிக் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு விடாமல் கத்துகிறது என்று எழுதியிருந்தாய். முத்தாலம்மன் திருவிழாவுக்குள் கொல்லையைச் சுத்தம் பண்ண ஆள் வரப்போகிறதே, கூட்டை மட்டும் கிளையோடு எடுத்து மாமரத்தில் கட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய்.

முதலில் அவசரமான கேள்விக்குப் பதில். கட்டக் கூடாது, சாமி. வெட்டிய கிளையில் இலை இரண்டு நாளில் சுருண்டு காய்ந்துவிடும். அந்தக் குருவிக்குச் சுவரும் கூரையும் பச்சை இலைதான். செடி அங்கேயே நிற்கட்டும். மற்ற இடத்தையெல்லாம் துப்புரவு செய்யலாம். அந்த ஒரு செடிக்கும் அதைச் சுற்றி நாலு முழத்துக்கும் ஒரு மாதத் தவணை வாங்கிக்கொள். அம்மாவிடம் நான் போனில் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். ஏன் ஒரு மாதம் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன்.

நீ பார்த்தது தையல்சிட்டு. உச்சந்தலையில் துருப்பிடித்த நிறம், முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, வால் எப்போதும் நிமிர்ந்து நிற்கும். வாலோடு சேர்த்து அளந்தாலும் 13 செ.மீ.தான் வரும், எடை பத்து கிராமைத் தாண்டாது. அந்த உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று யாருக்கும் தோன்றும். அது கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டைக் கவனி, ஒரு கறுப்புத் திட்டு தெரிந்து மறையும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் நீண்டுவிடும். மற்றபடி ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உன் ஆங்கிலப் பாடத்தில் வரும் ‘ரென்’ இதுதானா என்று கேட்டிருந்தாய். இல்லை. ரென் குடும்பத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவை. ஐரோப்பா, ஆசியா பக்கம் பரவியிருப்பது ஒரே இனம். இந்தியாவில் அதைப் பார்க்க இமயமலைக்குப் போக வேண்டும். நம் ஊரில் தோட்டத்துப் புதருக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு திரிகிற அந்த இடத்தைத் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் பிடித்திருக்கின்றன. பழைய பறவை நூல்களில் கதிர்க்குருவிக்கு ‘ரென் வார்ப்ளர்’ என்றே பெயர் போட்டிருப்பார்கள். ஆனால் உறவுமுறை இல்லை, சாயல் மட்டும்தான்.

கதிர்க்குருவியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அகரத்திலிருந்து தாடிக்கொம்புக்குப் போகிற வழியில், குடகனாற்றுப் பக்கத்துச் சோளக்கொல்லையிலும் புல்வரப்பிலும் அது இருக்கும், வீட்டுக் கொல்லைக்கும் வரும். மேலே சாம்பல் நிறம், அடியில் இளம் செம்மை, கண் சிவப்பு. பறக்கும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும். அதுவும் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும். ஆனால் பெரும்பாலும் சிலந்தி நூலால் இழுத்துப் பிடித்து, உள்ளே புல்லும் மயிரும் வைத்து, பக்கவாட்டில் வாசல் விடும். சில சமயம் இலையே இல்லாமல் புல்லால் மட்டும் பை மாதிரி முடைந்துவிடும். தரையை ஒட்டிய தாழ்வான புதரே அதற்குப் பிடித்தம். முட்டை மூன்று முதல் ஐந்து வரை, செங்கல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். தையல்சிட்டின் முட்டையோ வெளுப்பு, அதன் மேல் செம்பழுப்புப் புள்ளிகள்.

இனி தையலுக்கு வருவோம். பெரிய இலையாக இருந்தால் ஒன்றே போதும், அதன் இரு ஓரங்களையும் வளைத்துச் சேர்த்துவிடும். சிறிய இலை என்றால் இரண்டு, மூன்று தேவைப்படும். முதலில் இலை ஓரத்தில் அலகால் துளை போடும். அந்தத் துளை மிகச் சிறியது. அதனால் துளையைச் சுற்றி இலை பழுப்பதில்லை, கூடு முழுதும் பச்சையாகவே இருந்து செடியோடு செடியாக மறைந்துபோகிறது. இலையின் மேல்புறம் வெளியே பார்க்கும்படி மடிப்பதும் அதற்காகத்தான். துளை போட்டதும் இலவம் பஞ்சோ, பருத்தியோ, சிலந்தி நூலோ கொண்டுவந்து ஒரு துளையில் நுழைத்து மறு இலையின் துளை வழியே இழுக்கும். வெளியே வந்த நுனி பஞ்சாகப் பிரிந்து உப்பிக்கொள்ளும். உப்பிய நுனி துளைக்குள் திரும்ப நுழையாது, இலை நழுவாது. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவிட் அடிப்பார்களே, அதே வேலைதான் இது. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பிடி, ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை தாங்கும். சில சமயம் ஒரு துளையில் மிஞ்சிய நூலை அடுத்த துளைக்கும் ஓட்டிவிடும். அப்போது பார்க்க நிஜமான தையலாகவே தெரியும்.

இந்தத் தையலைப் பற்றிப் பெரியவர்களே தவறாக எழுதியதுண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து 1860-களில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் ஜெர்டன். இந்தக் குருவி நூல் நுனியில் முடிச்சுப் போடுகிறது என்றார் அவர். பின்னாளில் கேசி வுட் என்ற கண் மருத்துவர் இலங்கையில் கூடுகளை எடுத்து நுணுக்கமாக ஆராய்ந்தார். தைப்பது, ரிவிட் அடிப்பது, நாடா கோப்பது, பின்னி அமுக்குவது என்று குருவியின் வேலையை வகைப்படுத்தினார். முடிச்சு என்று எதுவும் கிடையாது. இந்தப் பறவை அறிவியல் உலகுக்கு அறிமுகமானதும் இலங்கை வழியாகத்தான். டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் அங்கே வரையச் செய்த படங்களைக் கொண்டு, 1769-இல் தாமஸ் பென்னன்ட் இதற்கு முறையான பெயர் சூட்டினார். எங்கோ வரைந்த படத்தைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டதை நீ உன் கிணற்றடியில் நின்றே பார்க்கலாம்.

இப்போது ஒரு மாதக் கணக்கு. கூடு முடிந்ததும் பெண் முட்டையிடும், வழக்கமாக மூன்று. அடைகாப்பது சுமார் 12 நாள். குஞ்சு பொரித்துப் பறக்க இன்னும் சுமார் 14 நாள். கூட்டிப் பார், முட்டையிடும் நாட்களையும் சேர்த்தால் ஒரு மாதம்தான் வருகிறது. கூட்டைத் தொடாமலே எந்தக் கட்டம் என்று நீ கண்டுபிடிக்கலாம். வாயில் பஞ்சு இருந்தால் கட்டுமானம் நடக்கிறது. ஒரு பறவை நெடுநேரம் காணாமல் போய், வருவதும் போவதும் குறைந்திருந்தால் அடைகாக்கிறது. வாயில் புழு வைத்துக்கொண்டு இரண்டும் மாறி மாறி வந்தால் குஞ்சு பொரித்துவிட்டது. அப்போது திரும்பிப் போகும்போதும் அலகைப் பார். சில தடவை வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு போகும். அது குஞ்சின் எச்சம், மெல்லிய சவ்வுப் பைக்குள் பொதிந்து வரும். தாயோ தந்தையோ அதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். கூட்டின் அடியில் எச்சம் சிந்திக் கிடந்தால் அதுவே எதிரிக்கு வழிகாட்டிவிடும் அல்லவா?

எதிரிகள் நிறைய. பூனை, எலி, செம்போத்து, ஓணான் என்று பட்டியல் நீளும். முட்டையிலும் குஞ்சிலும் பெரும்பங்கு இவற்றிடம் போய்விடுகிறது. நம் கருங்குயிலைவிடச் சிறிய சாம்பல் நிறக் குயில் ஒன்றும் உண்டு. கதிர்க்குருவி கூட்டில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும், அந்தச் சின்னப் பறவை அதைத் தன் குஞ்சென்றே வளர்க்கும். பூனை கூட்டை நெருங்கினால் கதிர்க்குருவி அடிபட்டதாக நடித்துத் தரையில் துடிப்பதும் உண்டு. பூனை அதைத் துரத்திப் போகும், கூடு தப்பும்.

மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று பாட்டி சொல்லியிருப்பார். அது உண்மையில்லை. ஆனாலும் தொடக் கூடாது என்பதில் பாட்டி சொன்னதே சரி. கூடு கட்டத் தொடங்கிய நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் சிட்டு கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். நீ இலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்த இடத்தைக் காகம் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும், பூனை உன் பின்னாலேயே வரும். சட்டமும் இதைச் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையாடுவதோடு சேர்த்தே வைக்கிறது.

ஆகவே பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் போதும். அசையாமல் இரு. சிட்டு உன்னைப் பார்த்துக் கத்தினால் நீ இன்னும் பக்கத்தில் இருக்கிறாய் என்று பொருள், பின்னால் தள்ளி உட்கார். கைபேசியைக் கூட்டுக்குள் நீட்டிப் படம் எடுக்காதே. நோட்டில் தேதி, நேரம், வாயில் என்ன கொண்டுவந்தது, எத்தனை தடவை வந்தது என்று எழுது. மழை பெய்த நாளையும் குறித்துக்கொள். மழையன்று பூச்சி கிடைப்பது எப்படி மாறுகிறது என்று உனக்கே விளங்கும்.

அப்பாவிடமும் ஒன்று சொல். கத்தரிக்கு இந்த மாதம் மருந்து அடிக்க வேண்டாம். குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு, அவற்றைத் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் நாள் முழுக்க நம் செடிகளிலிருந்தே பொறுக்குகின்றன. வேலியோரத்துச் சிலந்தி வலையையும் முழுசாகத் துடைக்க வேண்டாம், கூட்டுக்கு அதுவும் சரக்கு. தலையணையில் இலவம் பஞ்சு இருந்தால் கொஞ்சம் எடுத்து முள்வேலியில் சொருகி வை. பம்பாய்ப் பக்கம் இருந்த எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் என்ற எழுத்தாளர் பஞ்சு வைத்துப் பார்த்தபோது தையல்சிட்டு அதை எடுத்துக்கொண்டது. உன்னுடையதை எடுக்கிறதா பார். நைலான் நூலும் நீளத் தலைமயிரும் மட்டும் வைக்காதே, குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ரென் பறவை பற்றி நீ கேட்டதால் இன்னொரு செய்தி. ஐரோப்பாவில் ஆண் ரென் ஒரே பருவத்தில் பல கூடுகளைப் பாதி வேலையோடு கட்டி வைக்கும். பெண் வந்து சுற்றிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இறகு வைத்து மெத்தையாக்கிக்கொள்ளும். இதே பழக்கம் உனக்குத் தெரிந்த ஒரு பறவைக்கும் உண்டு. கிணற்றுக்கு மேல் சாய்ந்த ஈச்ச மரத்திலும் பனையிலும் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடுகளில் சில பாதியில் நின்றிருப்பதைப் பார்த்திருப்பாய். ஆண் பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காமல் போனவைதான் அந்த அரைகுறைக் கூடுகள்.

குஞ்சுகள் வெளியே வரும் நாளில் பதறாதே. ஒழுங்காகப் பறக்கத் தெரியாமல் தாழ்ந்த கிளையிலும் தரையிலும் உட்கார்ந்திருக்கும். தாயில்லாப் பிள்ளை என்று எடுத்து டப்பாவில் போட்டுச் சோறு ஊட்டாதே. தாயும் தந்தையும் பக்கத்திலேயேதான் இருக்கும், இன்னும் சில நாள் ஊட்டும். நீ செய்ய வேண்டியது பூனையை அன்று வீட்டுக்குள் கட்டி வைப்பது ஒன்றுதான்.

கொல்லையில் ஒரு மூலையை வருஷம் முழுக்க வெட்டாமல் விடச் சொல்லி அப்பாவிடம் கேள். மழைக்காலம் முடியும்வரை தையல்சிட்டு திரும்பத் திரும்பக் கூடு கட்டும். பறவைக்கு நாம் கூடு செய்து தர வேண்டாம், தீனி வைக்க வேண்டாம். இடமும் நாளும் விட்டுக்கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

குஞ்சுகள் பறந்து, கூட்டுக்கு எதுவும் வராமல் போய், இலை தானாகப் பழுத்த பிறகு அதை எடுத்து வை. ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஊசி முனையால் மெதுவாகப் பிரி. எத்தனை துளை, ஒவ்வொன்றிலும் என்ன நூல், உள்ளே மெத்தைக்கு என்ன வைத்திருக்கிறது என்று எழுது. ஜெர்டன் சொன்ன முடிச்சு எங்காவது இருக்கிறதா என்றும் நீயே பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை