பூண்டுப் பாத்தியில் களை

ரசம் கொதிக்கும்போது தட்டிப் போடும் பூண்டு, எத்தனை கைகளின் உழைப்பைக் கண்டு நம் அடுப்படிக்கு வந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கார்த்திகை மாதத்தில் மாங்காட்டில் ஒரு சிறு பாத்தி அமைத்துப் பூண்டுப் பற்களை ஊன்றும் வரை நாங்களும் எண்ணியதில்லை.

பூண்டு குளிர்ச்சியை நாடும் பயிர். நம் ஊர் வெப்பம் அதற்கு ஏற்றதன்று. தமிழ்நாட்டில் அதன் முக்கிய இருப்பிடம் கொடைக்கானல் மலையும் நீலகிரியும். பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் படிப்படியான வயல்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் பாத்தியிலோ பூண்டு மெல்ல எழுந்தது. கோரை விரைந்து எழுந்தது!

பிறகு பிடுங்கலாம் என்று இருந்துவிட்டோம். ஒன்றரை மாதம் கழித்துக் கோரையைப் பற்றி இழுத்தபோது பூண்டுச் செடியும் கூடவே வந்துவிட்டது.

காரணம் என்ன? பூண்டின் வேர் ஆழமாகச் செல்வதில்லை, மேல்மண்ணிலேயே நின்றுவிடும். இலைகளோ ஒடுங்கி நிமிர்ந்தவை. பூசணி இலை விரித்துத் தரையை மூடி, களையை நிழலில் அடக்கிவிடும். பூண்டால் அது இயலாது. நட்டது முதல் எடுக்கும் வரை நான்கைந்து மாதமும் அதன் காலடியில் வெயில் விழுகிறது. களைக்கு அதுவே போதும். நீரையும் எருவையும் களை உண்டுவிட்டால் பூண்டு சிறுத்துப்போகும். சிறு நிலம் வைத்திருக்கும் குடும்பத்திற்கு இது சாதாரண நட்டமன்று. விற்கவும் அதுதான், அடுத்த போகத்திற்கு விதைப்பூண்டாக எடுத்து வைக்கவும் அதுதான்.

மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் களைகள் உவமை எங்கள் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுத் தலைவர் அறுவடைவரை இரண்டையும் வளரவிடச் சொன்னார். களையைப் பறிக்கையில் கோதுமையும் வேரோடு வந்துவிடுமே என்பது அவர் கவலை. அக்கவலை எவ்வளவு உண்மையானது என்பதைப் பாத்தியில்தான் கண்டோம். ஆனால் உயர்ந்து வளரும் கோதுமை களையோடு தாக்குப்பிடிக்கும்; பூண்டு தாளாது. ஆகவே வேரோடு வேர் பின்னுமுன்பே களையெடுத்தாக வேண்டும்.

நட்ட ஒரு மாதத்தில் முதற்களை. அடுத்த மாதம் இரண்டாங்களை. களைக்கொத்தை மேலாகவே செலுத்த வேண்டும். பூண்டு திரளத் தொடங்கியபின் கொத்தவே கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும். நடுமுன்பே நீர் பாய்ச்சிப் பத்து நாள் விட்டு, முளைத்தவற்றை மேலாகக் கிளறி அழித்துவிட்டால் பின்னால் வேலை வெகுவாகக் குறையும். எருவும் நன்கு மட்கியதாக இருக்கட்டும். மட்காத சாணத்தில் களை விதைகள் உயிரோடிருக்கும். நாங்கள் போட்டது மட்காத சாணம்!

கோரைக்கு மட்டும் இவை போதா. தாளை அறுத்தால் மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும் கிழங்குகள் மறுபடி துளிர்க்கும். நடுமுன்பே ஆழக் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயவிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

பிடுங்கியதெல்லாம் வீணாகவும் இல்லை. பாத்தியில் தானாக முளைத்த குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் அம்மாவின் கையில் பொரியலாயின. எங்கள் பூண்டு சுண்டைக்காய் அளவுதான் திரண்டது. அதையும் தோலுரித்து அந்தப் பொரியலிலேயே தட்டிப் போட்டார்கள்.