எது மிகக் கடினம்?

கேள்வி: பியானோவுக்கென எழுதப்பட்டவற்றில் மிகக் கடினமானது எது? ஆளுக்கொரு தரவரிசை சொல்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: எதையும் நம்ப வேண்டாம். இந்தப் போட்டியில் இசையமைப்பாளர்களும் இறங்கியதுண்டு. பலாகிரெவ் 1869-இல் எழுதிய ‘இஸ்லாமே’யைவிடக் கடினமானதாக இருக்க வேண்டும் என்று விரும்பித்தான் ராவெல் 1908-இல் ‘காஸ்பார் த லா நுயி’யின் கடைசிப் பகுதியான ‘ஸ்கார்போ’வை அமைத்தார். பட்டியல் போடுகிறவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். அதே படைப்பின் நடுப்பகுதியைக் கேளுங்கள். மெதுவான இசை, தொலைவில் கேட்கும் மணியைப் போல ஒரே ஸ்வரம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். விரல் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால், மற்ற ஸ்வரங்கள் சூழ்ந்து வரும்போதும் அந்த மணியோசை கனக்காமல், மங்காமல் வாசிப்பது பெரிய கலைஞர்களுக்கும் சோதனைதான். இதற்கு எத்தனையாவது இடம் கொடுப்பீர்கள்?

கைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அகன்ற கை கொண்ட இசையமைப்பாளர் ராக்மானினாஃபுக்கு எளிதில் எட்டிய ஸ்வரக்கட்டுகள் சிறிய கைக்காரர்களுக்கு எட்டாது.

இசையமைப்பாளர் லிஸ்ட் செய்ததைக் கடினத்தின் மீது மோகம் பிடித்தவர்கள் கவனிக்க வேண்டும். 1839-இல் வெளியிட்ட தம் பன்னிரண்டு பெரும் பயிற்சிகளை அவரே திருத்தி, பல இடங்களில் சிரமத்தைக் குறைத்து, 1852-இல் மறுபடி வெளியிட்டார். இன்று மேடைகளில் பெரும்பாலும் ஒலிப்பது அந்தத் திருத்திய வடிவமே. பியானோ கற்பவராக இருந்தால், உங்கள் ஆசிரியரிடம் அடுத்து எது கடினம் என்று கேட்காதீர்கள். எதை வாசிக்க ஆசை என்று சொல்லுங்கள்.