உப்புக் காற்றுக்கு எந்தக் கூலர்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரம் குவிந்து கிடக்கும் உப்புதான் நினைவுக்கு வரும். இந்த உப்பளக் கரையிலும் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், போட்டோ ஸ்டுடியோ என்று எல்லா இடத்திலும் மேசைக் கணினி ஓடுகிறது. புது கணினி வாங்கவோ பழையதைச் சரிசெய்யவோ புதுச்சேரிக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் போகிறவர்கள், ப்ராசஸருக்கு எந்த ஏர் கூலர் நல்லது என்று கேட்டால் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கு முதல் யூடியூப் ஒப்பீடு வரை பதில்கள் வந்து விழும். அவற்றில் பல, ஏசி அறையில் வாழும் கணினிக்குச் சரி. கடலோரத்துக் கணினிக்குச் சரியில்லை.

முதலில், "நல்ல கூலர் போட்டால் கத்திரி வெயிலிலும் ப்ராசஸர் ஜில்லென்று இருக்கும்" என்ற நம்பிக்கை. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது. எனவே எந்த ஏர் கூலராலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. ஒப்பீடுகளில் காட்டும் எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. 21 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய கூலர், மே மாதத்தில் 36 டிகிரிக்குக் காய்ந்த கடைக்குள் ஏறக்குறைய 85 காட்டும். கூலரில் குறையில்லை, அறை மாறியிருக்கிறது. இரண்டு கூலர்களை ஒப்பிடுகிறவர் பார்க்க வேண்டியது, அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்ற அந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

85 என்றதும் பயம் வரும். "எண்பதைத் தாண்டினால் ப்ராசஸர் கருகிவிடும்" என்பது இருபது ஆண்டுக்கும் மேலான பயம், அதற்குக் காரணமும் உண்டு. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸர்கள் மேலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றிக் காட்டிய வீடியோவில், ஏஎம்டி அத்லான் புகைந்து செத்தது. அதே சோதனையில் இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இன்றைய ப்ராசஸர்கள் எல்லாமே அந்த இரண்டாவது வழியில் போகின்றன. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு எல்லை 100 டிகிரி. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசை, முழுச் சுமையில் 95 வரை போவது வடிவமைப்பின்படிதான் என்று ஏஎம்டி நிறுவனமே சொன்னது. எல்லையைத் தொட்டால் வேகம் குறையும், சில்லு கருகாது.

"முழுச் செம்பு என்றால்தான் உசத்தி" என்பதும் பழைய காலத்து மிச்சம். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மேல், ஆனால் எடை மூன்று மடங்குக்கும் அதிகம். ஸால்மன் நிறுவனம் சிஎன்பிஎஸ் 7000 கூலரை இரண்டு விதமாக விற்றது: முழுச் செம்பில் 773 கிராம், செம்பும் அலுமினியமும் சேர்த்து 445 கிராம். அந்த எடையெல்லாம் மதர்போர்டின் மேல் தொங்கியது. தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கிய இன்றைய டவர் கூலரில் வெப்பத்தைத் தூக்கிச் செல்வது ஹீட் பைப். உள்ளே சொற்ப நீர் வைத்து, காற்றை உறிஞ்சி மூடிய செம்புக் குழாய் அது. அடியில் நீர் ஆவியாகி மேலேறி, தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியே கீழே வருகிறது. தகடுகள் அலுமினியமாக இருந்தாலே போதும்.

இனி மரக்காணத்துக்கே உரிய விஷயம். அறையில் வைக்கும் தண்ணீர்க் கூலரைக் கணினி பக்கம் திருப்பி வைத்தால் சூடு குறையும் என்று நம்பி அப்படியே செய்கிறவர்கள் உண்டு. கடற்கரையில் கணினிக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இதுதான் முதன்மையானது.

தண்ணீர்க் கூலர் காற்றுக்கு ஈரத்தைக் கொடுத்துத்தான் சூட்டை எடுக்கிறது. ராஜஸ்தானில் 42 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்றால் இருபது டிகிரி வரை இறக்க இடமிருக்கிறது. கடற்காற்று புகுந்துவிட்ட பிற்பகலில், 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் கடையில், கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஐந்து டிகிரிக்கு மேல் இறக்க முடியாது. பதிலுக்கு ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டும். சுத்தமான உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும் எல்லை அந்த 75 தான். கடலிலிருந்து வரும் உப்புத்துகளோ அவ்வளவு கூடக் காத்திருக்காது. உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதிலும் கலந்திருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீத ஈரத்திலேயே கசியும். மழைக்காலத்தில் சமையலறைச் சாடியில் கல்லுப்பு நசநசப்பதும் இதனால்தான்.

அந்த நசநசப்பு கூலரின் தகடுகளுக்கு இடையில் நடக்கும்போது என்ன ஆகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். விசிறி இழுத்த தூசியோடு உப்பும் படிந்து ஒரு சாம்பல் நிறப் பிசுபிசுப்பு அப்பிக்கொள்ளும். துடைத்தாலும் எளிதில் போகாது. பூச்சில்லாத செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு ஏறும். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் தின்னப்படும். வெள்ளைப் பொடி உதிரும். தகடு குழாயோடு ஒட்டியிருந்த பிடி தளர்ந்தால் வெப்பம் மாறும் வழி அடைபடுகிறது. வாங்கும்போது நன்றாக இருந்த கூலர் சில வருடத்தில் ஏன் சூடேறுகிறது என்று குழம்புகிறவர்கள், ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் தடவிய பேஸ்ட்டைக் குறை சொல்லும் முன் டார்ச் அடித்துத் தகடுகளின் வேரைப் பார்க்கலாம்.

ஆகவே இந்தக் கரையில் ஒப்பிட வேண்டியது வேறு. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஈவோ, நான்கு செம்புக் குழாய்களின் அடிப்பக்கம் நேராக ப்ராசஸரைத் தொடும்படி செய்தது. குறைந்த விலையில் நிறைய வீடுகளுக்கு உதவிய நல்ல கூலர் அது. ஆனால் செம்பு திறந்தே இருக்கும், தகடுகள் அழுத்திச் செருகியவை. நாக்டுவா போன்றவர்கள் தகடுகளைக் குழாயோடு பற்றவைத்து முழுவதும் நிக்கல் பூச்சு கொடுக்கிறார்கள். ஏசி அறையில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி. உப்புக் காற்றில் கூலரின் ஆயுளே அதில் இருக்கிறது.

அதற்காக விசிறிகளோடு 1.32 கிலோ எடையுள்ள நாக்டுவா என்ஹெச்-டி15 எல்லோருக்கும் வேண்டும் என்றில்லை. ஜெராக்ஸ் கடைக் கணினியில் இருக்கும் இன்டெல் ஐ3-12100 ப்ராசஸர் உச்சத்தில் இழுப்பதே 89 வாட். பெட்டியோடு வரும் கூலரே அதற்குப் போதும். ஐ9-13900கே 253 வாட் வரை போகும், அதற்குத்தான் இரட்டை டவர். பெட்டியில் போட்டிருக்கும் "200 வாட் வரை" போன்ற எண்களை வைத்து இரு நிறுவனங்களை ஒப்பிடுவது வீண். அதை அளக்க எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை கிடையாது.

"தண்ணீர் ஓடும் கூலர் போட்டால் உப்புப் பிரச்சினையே இல்லை" என்பதும் தவறு. அதன் ரேடியேட்டரும் பொதுவாக அலுமினியத் தகடுதான், அதே காற்றில்தான் நிற்கிறது. கூடவே பம்ப் ஒன்று, பழுதாவதற்கு.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைப்பது ஓரிரு டிகிரி குறைக்கலாம். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்த இந்தப் பகுதியில், புயல் இல்லாத நாளிலும் திறந்த கேபினட் உப்பை மதர்போர்டுக்கே விருந்து வைக்கிறது. கடல் பக்கம் என்பதே கணினிக்கு எமன் என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவருகே 864 சர்வர்களைக் கடலடியிலேயே இறக்கியது. 2020-இல் தூக்கிப் பார்த்தபோது, பழுதானவற்றின் விகிதம் தரையில் இருந்தவற்றில் எட்டில் ஒரு பங்குதான். உருளைக்குள் உலர்ந்த நைட்ரஜன் அடைத்திருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அந்த நிறுவனம் கருதியது. ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே இல்லை.

மரக்காணத்துக் கடைக்காரர் நைட்ரஜனுக்குப் போக வேண்டியதில்லை. கேபினட்டை மூடி, காற்று நுழையும் பக்கம் வலை வடிகட்டி போட்டு, கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். இரவில் கடையைப் பூட்டும்போது சுவர் சுவிட்சையும் அணையுங்கள், ஈரம் ஏறும் நேரத்தில் போர்டில் மின்சாரம் இருக்கக் கூடாது. வாங்குவதானால் நிக்கல் பூசிய, தகடு பற்றவைத்த, 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட ஒற்றை டவர் போதும். கேபினட்டின் உயர இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். அறையின் தண்ணீர்க் கூலரை மட்டும் இன்றைக்கே வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.