வழித்துணையான ஆப்தன்

மதுரைக்கு வடகிழக்கே, யானைமலைக்கு அருகேயுள்ள திவ்யதேசம் திருமோகூர். மூலவர் காளமேகப் பெருமாள், உத்ஸவர் ஆப்தன். நம்பத்தக்கவன் என்பது அத்திருநாமத்தின் பொருள்.

சரணடைந்தார்க்குச் சரீர முடிவில் வைகுந்தம் தருவான் எம்பெருமான் என்று ஸ்வாமி நம்மாழ்வார் திருக்கண்ணபுரத் திருவாய்மொழியில் (9-10) அருளிச்செய்தார். அடுத்த திருவாய்மொழியிலேயே (10-1) காளமேகத்தை வழித்துணையாகப் பற்றுகிறார். பேறு உறுதியானபின் துணை எதற்கு என்னில், போகும் வழி நாம் அறியாதது. உற்றார் உடன்வர ஒண்ணாதது.

அவ்வழியை ஆழ்வார் சூழ்விசும்பில் (10-9) காட்டுகிறார். மேகங்கள் வாத்யமாய் முழங்குகின்றன. இமையவர் வழியில் தங்குமிடம் வகுக்கின்றனர். நிறைகுடமும் விளக்கும் ஏந்தி மடந்தையர் எதிர்கொள்கின்றனர். மோக்ஷம் தருபவன், நடந்து வருபவன் இளைப்பாறும் இடத்தையும் மறந்திலன்.

அந்திமத்தில் நினைவு தப்பினால் என் செய்வது என்று நாம் அஞ்சுகிறோம். நெஞ்சு தெளிந்திருக்கையில் தன்னை நினைத்த பக்தன் கட்டைபோல், கல்போல் கிடக்கும்போது, அவனைத் தான் நினைப்பதாக வராஹப் பெருமான் சரம ச்லோகத்தில் வாக்களித்துள்ளான். ஆகவே அன்றைய நினைவு அவன் பொறுப்பு. தெளிந்த நெஞ்சோடு இன்று அவனை நினைப்பதே நம் பங்கு. தங்குமிடம்வரை எண்ணிவைத்த ஆப்தன் நம்மை நடுவழியில் விடுவானோ?