சுயாதீன இலத்திரன் லேசர்

சாதாரண லேசரில் ஒளியைத் தரும் இலத்திரன்கள் பதார்த்தத்தினுள் கட்டுண்டவை. எனவே அலைநீளத்தை அப்பதார்த்தமே தீர்மானிக்கும்.

சுயாதீன இலத்திரன் லேசரில் இலத்திரன்கள் எவ்வணுவுடனும் பிணைந்திருப்பதில்லை. ஒளியின் கதியை அண்மித்த கதியுடைய இலத்திரன் கற்றை, வட, தென் முனைவுகள் மாறிமாறி அமைந்த காந்த வரிசையினூடாக நெளிந்து செல்லும்போது ஒளியைக் காலும். இலத்திரன்களின் சக்தியை மாற்றி அலைநீளத்தை மாற்றலாம்.

ஆய்வுப் பயன்: செறிவுமிக்க எக்ஸ் கதிர் புரதப் பளிங்கைச் சிதைத்துவிடும். ஆனால் இந்த லேசரின் துடிப்பு சில பத்துப் பெம்ரோசெக்கன் மட்டுமே (1 பெம்ரோசெக்கன் = 10⁻¹⁵ செக்கன்). ஆகவே பளிங்கு சிதையுமுன் அதன் கட்டமைப்பைப் பதிவு செய்யலாம். இத்தகைய எக்ஸ் கதிர் லேசர்கள் கலிபோர்னியாவில் 2009 இலும் ஜேர்மனியின் ஹம்பேர்க் பகுதியில் 2017 இலும் இயங்கத் தொடங்கின.

கவனிக்க: சுயாதீனமானது இலத்திரனே, லேசர் அன்று.